பதினாறு பக்கம்

ஆண்டர்சன் தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே விலை கேட்டேன்.
புக்ராஜ் சேட்டின் மகன் கால்குலேட்டரை
என் பக்கம் திருப்பி வைத்தான்,
வாயால் சொல்லக் கூச்சம் போல.
"பன்னிரண்டு பதினெட்டாயிடுச்சு மேடம்.
இறக்குமதி ரீல் துறைமுகத்துலயே கிடக்கு.
நேத்து வந்திருந்தீங்கன்னா..."
நேற்று என்னிடம் பணமில்லை.
அதை அவனிடம் சொல்லவில்லை.

புத்தகத்துக்கு வரி கிடையாது.
தாளுக்கு உண்டு, மைக்கு உண்டு,
அட்டைக்கும் பசைக்கும் உண்டு.
கட்டியதைத் திரும்பக் கேட்கலாமா என்றால்
ஆடிட்டர் சிரிக்கிறார்:
"விக்கிற பொருளுக்கு வரி இருந்தாத்தானேம்மா
கட்டினது கழியும்?
இல்லாததுதான் உங்க வினை."

நானூறு பிரதி. அதற்கு மேல் அடித்தால்
ராயப்பேட்டை அறையில் நான் உட்கார முடியாது.
நசீமாவின் நாவல் இருநூற்றெட்டுப் பக்கம்,
பதின்மூன்று ஃபாரம்.
பன்னிரண்டாக்கினால் விலை இருநூற்றைம்பதில் நிற்கும்.
எண்பது ஜிஎஸ்எம் எழுபதாகி, எழுபது அறுபதாகி
இப்போது ஒரு பக்கம் படிக்கும்போதே
அடுத்த பக்கம் எட்டிப் பார்க்கிறது.
இனி மெலிய வேண்டியது தாளில்லை.

அயனாவரத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை அவளுக்கு.
காலை ஆறரை முதல்
வெறும் வயிற்றோடு வருகிறவர்களின் நரம்பு தேடுவாள்.
பத்தரைக்குப் போனில் பிடித்தேன்.
"கொஞ்சம் வரி குறைக்கணும், நசீமா."
"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. குறைச்சாங்களா?"
"நான் சொன்னது உன் வரியை."

அந்தப் பக்கம் சென்ட்ரிஃபியூஜ் சுற்றும் சத்தம்.
அது நிற்கும்வரை இருவரும் பேசவில்லை.
"எத்தனை?"
"பதினாறு பக்கம்."
"எந்தப் பதினாறு?"

எனக்குத் தெரிந்திருந்தது. ஏழாம் அத்தியாயம்.
அங்கே கதை நகராது.
ஓட்டேரிக் கால்வாய் பொங்கிய இரவில்
ஒருத்தி மாடிப்படியில் உட்கார்ந்து
தண்ணீர் எத்தனை படி ஏறியது என்று எண்ணுகிறாள்.
எண்ணுகிறாள், அவ்வளவுதான்.
இந்த நாவலை நான் கேட்டு வாங்கியதே
அந்தப் பதினாறு பக்கத்துக்காக.

மாலை, திருவல்லிக்கேணி தபால் நிலையம்.
போன புத்தகத்தில் இருபத்திரண்டு பிரதி கேட்டு
டல்லாஸ்காரர் பணமும் அனுப்பியிருந்தார்.
கவுன்ட்டரில் இருந்தவர் பெட்டியைத்
தராசில் வைக்கவே விடவில்லை.
"அமெரிக்கா இப்போதைக்கு எடுக்கறதில்லம்மா."
"புத்தகத்துக்கு அங்கயும் வரியில்லையாமே சார்?"
"லெட்டர் போகும். பொட்டி போகாது."
கூரியர் கேட்ட தொகைக்கு
நானே விமானமேறிக் கையில் கொடுத்துவிடலாம்.
மிகைதான். கோபத்தில் கணக்குத் தப்பும்.

எங்கோ ஒரு மேசையில் யாரோ
எஃகுக்கும் இறாலுக்கும் போட்ட எண்
வழி கேட்டு வழி கேட்டு வந்து
ஏழாம் அத்தியாயத்துப் படியில்
கால் நனைத்து நிற்கிறது.

இரவு பதினொன்றேகாலுக்குக் கோப்பு வந்தது.
படிகள் அப்படியே இருந்தன.
போயிருந்தவை: நன்றியுரை, ஆசிரியர் குறிப்பு,
அம்மாவுக்கான சமர்ப்பணம்,
கதாநாயகியின் கல்யாணம் முழுக்க.
"பிரியாணி வரைக்கும் தூக்கிட்டேன்,
யாரும் தேடமாட்டாங்க" என்று கீழே எழுதியிருந்தாள்.

நூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தில்
ஒரே வரி.
நாவலின் கடைசி வரி அது,
ஒரு பக்கத்துக்காக
ஒரு ஃபாரமே கேட்டு நின்றது.

முதல் தாளைப் பார்த்தேன்.
பதிப்பகத்தின் பெயர், சின்னம், மற்றபடி வெள்ளை.
பதினோரு வருடமாக
எல்லாப் புத்தகத்திலும் நான் எனக்கென்று
வைத்துக்கொண்ட ஒரே தாள்.
அதை எடுத்தேன்.
வரி உள்ளே வந்துவிட்டது.

டல்லாஸ் பெட்டிமேல் காலை நீட்டி
விளக்கை அணைத்தேன்.
காலையில் மறுபடி ஆண்டர்சன் தெரு.
அந்தப் பையன் சொல்வான்,
நேத்து வந்திருந்தீங்கன்னா.